இடக்கையும் பாடட்டும்

தேனியிலிருந்து புறப்பட்டு, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று கூடலூர் வரை செல்லும் சாலையில், ஹார்மோனியப் பெட்டியை அறியாத ஊர் ஒன்றேனும் உண்டா என்பது ஐயமே. பஜனை மடத்தில் அது உண்டு. மாதா கோயிலில் உண்டு. நாடக மேடையில் உண்டு. ஒரு காலத்தில் அரசியல் மேடையிலும் அது இருந்தது. பண்ணைப்புரத்தில் பிறந்த பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சியின் மேடைகளில் பாடியபோது, அவருடைய தம்பிமார் உடன் சென்று வாசித்தனர். அந்தத் தம்பிமாருள் ஒருவரே பின்னாளில் இளையராஜா என்று உலகறிந்தவர். அவருடைய கை முதலில் பழகியதும் இந்தப் பெட்டியில்தான்.

அந்தப் பெட்டியின் முன் அமர்ந்திருப்பவருடைய கைகளைச் சற்று உற்று நோக்குங்கள். வலக்கை கட்டைகளின் மேல் ஓடுகிறது. இடக்கை பின்புறத்துத் துருத்தியை அசைத்துக்கொண்டிருக்கிறது. வலக்கை பாடுகிறது, இடக்கை மூச்சு விடுகிறது. ஒன்றில்லாமல் மற்றொன்று இல்லைதான். ஆனால் இடக்கைக்குப் பாடத் தெரியாது. பஜனை மடத்தில் பல ஆண்டுகள் வாசித்துப் பழகிய என்னுடைய இடக்கையும் அப்படிப்பட்டதே. முதுமையில் ஒரு மின்னணு விசைப்பலகையின் முன் அமர்ந்து, இரு கைகளாலும் பியானோ வாசிக்கக் கற்றுக்கொள்ள நான் முற்பட்டபோது, என் வலக்கை ஓர் ஆசிரியரைப்போல் நடந்துகொண்டது. இடக்கையோ பள்ளிக்கூடத்து வாசலில் அழுதுகொண்டு நிற்கும் குழந்தையைப்போல் நின்றது. அந்தக் குழந்தையை எப்படிப் பள்ளிக்குள் அழைத்து வந்தேன், அதற்குக் கணினி எவ்வாறு உதவியது, எங்கே உதவாமற் போயிற்று என்பதே இன்று நான் உங்களுக்குச் சொல்ல எடுத்துக்கொண்ட பொருள்.

இரு கைகளும் வெவ்வேறு வேலை செய்வது நம் பள்ளத்தாக்கிற்குப் புதிதன்று. வீரபாண்டிக் கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவில் தவில்காரரைப் பாருங்கள். வலக்கை விரல்களில் கூடு மாட்டியிருக்கிறார். இடக்கையில் கம்பு பிடித்திருக்கிறார். வலந்தலையில் விரல்கள் ஒரு சொல்லைச் சொல்ல, தொப்பியில் கம்பு வேறொரு சொல்லைச் சொல்லுகிறது. உறுமிக்காரர் ஒரு கையால் தட்டி, மறு கையில் உள்ள வளைந்த குச்சியால் தோலை உராய்கிறார். அவர்களுக்கு முடிகிற காரியம் நமக்கு ஏன் முடியாது? முடியும். ஆனால் அவர்கள் இளமையிலேயே தொடங்கினார்கள். பக்கத்தில் ஆசான் இருந்தார். பியானோவுக்கோ நம் ஊர்களில் ஆசான் அரிது. கம்பத்திலிருந்து மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் இருக்கிறது. வாரந்தோறும் போய்வர எத்தனை குடும்பங்களால் இயலும்? 1960-களின் இறுதியில் இளையராஜாவே சென்னை சென்று, தன்ராஜ் மாஸ்டர் என்ற ஆசானை அடைந்த பிறகுதான் மேற்கத்திய இசையை முறையாகக் கற்றார். ஊரை விட்டுப் போக முடியாதவர்கள் என்ன செய்வது என்பது வெறும் ஆசை பற்றிய கேள்வியன்று. ஒரு பிள்ளையின் எதிர்காலம் பற்றிய கேள்வியுங்கூட.

முதலில், இடக்கை ஏன் இடர்ப்படுகிறது என்று பார்ப்போம். நேயர்களே, நீங்கள் இருக்கும் இடத்திலேயே ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இரு கைகளையும் மேசைமேல் வைத்து, இரண்டு ஆள்காட்டி விரல்களையும் முன்னோக்கி நீட்டுங்கள். இரண்டையும் ஒருசேர வலப்பக்கம் அசையுங்கள். பிறகு ஒருசேர இடப்பக்கம் அசையுங்கள். மெதுவாகச் செய்யும்போது எளிதாகவே இருக்கும். இனி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் உங்கள் விருப்பத்தைக் கேளாமலே விரல்கள் மாறிவிடும். இரண்டும் ஒன்றாக உள்ளே வரும். ஒன்றாக வெளியே போகும். கண்ணாடியும் அதன் எதிரே நிற்கும் உருவமும்போல் அசையும். அமெரிக்காவில் ஸ்காட் கெல்சோ என்னும் ஆராய்ச்சியாளர் 1980-களில் இந்தச் சோதனையை விரிவாக ஆராய்ந்து எழுதினார். நம் உடலுக்கு இயல்பான இரட்டை அசைவு, கண்ணாடி அசைவே. வேகம் கூடும்போது உடல் அந்த இயல்புக்கே திரும்பிவிடுகிறது.

இதிலிருந்து கற்பவருக்கு இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. ஒன்று, கண்ணாடி அசைவிலிருந்தே தொடங்க வேண்டும். இரண்டு, வேகமே முதற்பகை.

கண்ணாடி அசைவு என்பது பியானோவில் எப்படி வருகிறது? விசைப்பலகையின் நடுவில் உள்ள ஸட்ஜத்தில் இரு கைகளின் கட்டை விரல்களையும் வையுங்கள். வலக்கை ஸ ரி க ம ப என்று வலப்பக்கம் ஏறட்டும். அதே வேளையில் இடக்கை ஸ நி த ப ம என்று இடப்பக்கம் இறங்கட்டும். சுரங்கள் வேறு, ஆனால் விரல்கள் ஒன்றே. கட்டை விரலோடு கட்டை விரல், சுண்டு விரலோடு சுண்டு விரல் சேர்ந்து நடக்கும். வெள்ளைக் கட்டைகளை மட்டும் தொட்டால் போதும்; அது நம் சங்கராபரணம். இந்தப் பயிற்சி முதல் நாளிலேயே வந்துவிடும். அடுத்த நாள், இரு கைகளையும் ஸரிகமப என்று ஒரே திசையில் ஏற்றிப் பாருங்கள். வலக்கையின் கட்டை விரல் விழும்போது இடக்கையின் சுண்டு விரல் விழ வேண்டும். அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. எனக்கு அந்த ஐந்து சுரங்கள் ஒழுங்காக வர ஒரு வாரம் ஆயிற்று.

இனிக் கணினியின் துணைக்கு வருவோம். இங்கே ‘மிடி’ என்ற ஒரு சொல்லை அறிந்துகொள்ள வேண்டும். 1983-ஆம் ஆண்டு ஜனவரியில், அமெரிக்காவில் நடந்த ஓர் இசைக்கருவிக் கண்காட்சியில், போட்டி நிறுவனங்கள் இரண்டின் விசைப்பலகைகளை ஒரு கம்பியால் இணைத்தார்கள். ஒன்றில் வாசித்ததை மற்றொன்று ஒலித்தது. அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் ஜப்பானியரான இகுதாரோ ககேஹாஷியும் அந்தப் பொது மொழிக்கு முன்னின்று உழைத்தவர்கள். அதற்காக 2013-இல் இருவருக்கும் கிராமி அமைப்பின் தொழில்நுட்ப விருது வழங்கப்பட்டது. அந்த மொழியின் பெயரே மிடி.

மிடிக் கோப்பில் ஒலி கிடையாது என்பதை நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். அதில் இருப்பது கட்டளை. ‘இன்ன கட்டையை அழுத்து, இவ்வளவு விசையோடு அழுத்து, இத்தனை நேரம் கழித்து விடு’ என்ற குறிப்புகள் மட்டுமே அதில் உண்டு. கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை எண் இட்டிருக்கிறார்கள். பியானோவின் நடு ஸட்ஜத்தின் எண் 60. பியானோவின் 88 கட்டைகளும் 21 முதல் 108 வரையுள்ள எண்களுக்குள் அடங்கிவிடுகின்றன. அழுத்தும் விசைக்கும் 127 வரை அளவு உண்டு. சமையற்குறிப்புக்கும் சமைத்த சோற்றுக்கும் உள்ள வேறுபாடே மிடிக் கோப்புக்கும் ஒலிப்பதிவுக்கும் உள்ள வேறுபாடு. குறிப்பு ஒரு தாளில் அடங்கும். சோற்றுக்குப் பானை வேண்டும். குறுந்தகட்டின் தரத்தில் ஒரு நிமிட ஒலிப்பதிவுக்கு ஏறத்தாழ 10 மெகாபைட்டு இடம் வேண்டும். ஒரு சிறு பியானோப் பாட்டின் மிடிக் கோப்போ சில கிலோபைட்டுகளில் முடிந்துவிடும்.

இந்த எண்ணம் கணினியோடு பிறந்ததன்று. நூறாண்டுகளுக்கு முன்பே, துளையிட்ட காகிதச் சுருளைக் கொண்டு தானே வாசிக்கும் பியானோக்கள் மேனாடுகளில் இருந்தன. துளை இருக்கும் இடம் எந்தக் கட்டை என்பதைச் சொல்லும். துளையின் நீளம் எவ்வளவு நேரம் என்பதைச் சொல்லும். 1908-இல் பஃபலோ நகரில் உற்பத்தியாளர்கள் கூடி, 88 சுரங்களுக்கான சுருளுக்குப் பொது அளவு வகுத்தார்கள். இன்று கணினித் திரையில் மேலிருந்து கீழே இறங்கும் வண்ணக் கோடுகளைப் பார்க்கும்போதெல்லாம், அந்தக் காகிதச் சுருளின் பேரப்பிள்ளைகள் இவை என்றே எனக்குத் தோன்றும்.

கோப்பில் ஒலி இல்லாமல் கட்டளை மட்டும் இருப்பதால் கற்பவருக்கு மூன்று நன்மைகள் விளைகின்றன.

முதலாவது, வேகத்தைக் குறைக்கலாம். பழைய இசைத்தட்டை மெதுவாகச் சுழற்றினால் பாடகியின் குரல் ஆண் குரலாக மாறிவிடும், சுருதி இறங்கிவிடும். மிடியில் அந்தத் தொல்லை இல்லை. நிமிடத்துக்கு 120 தட்டுள்ள பாட்டில் ஒரு தட்டுக்கு அரை வினாடி. அதை 40 விழுக்காட்டு வேகத்தில் வைத்தால் நிமிடத்துக்கு 48 தட்டு. ஒரு தட்டுக்கு ஒன்றேகால் வினாடி. அந்த ஒன்றேகால் வினாடியில், அடுத்து விழ வேண்டிய விரல் எது என்று இடக்கை யோசிக்க நேரம் கிடைக்கிறது. நம் முன்னோர்கள் சரளி வரிசையை முதற்காலத்தில் பாடவைத்து, பிறகு இரண்டாங்காலம், மூன்றாங்காலம் என்று ஏற்றியதும் இந்த உண்மையை அறிந்துதான்.

இரண்டாவது, கைகளைப் பிரிக்கலாம். மிடிக் கோப்பில் தனித்தனித் தடங்கள் வைக்க இடமுண்டு. நன்றாக அமைத்த பியானோக் கோப்பில் வலக்கை ஒரு தடத்திலும் இடக்கை மற்றொரு தடத்திலும் இருக்கும். வலக்கைத் தடத்தை அடக்கிவிட்டால், கணினி இடக்கையை வாசிக்கும். நாம் வலக்கையை வாசிக்கலாம். பிறகு மாற்றிக்கொள்ளலாம். சில கோப்புகளில் எல்லாச் சுரங்களும் ஒரே தடத்தில் குவிந்து கிடக்கும். அப்போது மென்பொருள் நடு ஸட்ஜத்தை எல்லையாக வைத்து, மேலே உள்ளவை வலக்கைக்கு, கீழே உள்ளவை இடக்கைக்கு என்று பங்கு போடும். வரப்புத் தகராறுபோல் இந்தப் பங்கீடு சில இடங்களில் தவறாகவே போகும். ஏனென்றால் இடக்கை எல்லை தாண்டி மேலே வருவதும், வலக்கை கீழே இறங்குவதும் உண்டு. ஆகவே இரண்டு தடம் உள்ள கோப்பைத் தேடி எடுப்பதே நல்லது.

மூன்றாவது, கணினியைக் காத்திருக்கச் செய்யலாம். சரியான கட்டையை நாம் அழுத்தும் வரை பாட்டு நகராது. பொறுமையுள்ள ஆசான்கூட எட்டாவது தடவை பெருமூச்சு விடுவார். கணினி எண்பதாவது தடவையும் பெருமூச்சு விடுவதில்லை.

இவற்றுக்கான மென்பொருள்கள் பல உண்டு. ‘மியூஸ்ஸ்கோர்’ என்பது இலவசமாகக் கிடைப்பது, மிடிக் கோப்பை ஐந்து கோட்டு இசைக்குறியாக எழுதிக் காட்டும், வாசித்தும் காட்டும். ‘பியானோ பூஸ்டர்’ என்பதும் இலவசமே. வலக்கை, இடக்கை, இரு கை என்று தேர்ந்துகொள்ளவும், நமக்காகக் காத்திருக்கச் செய்யவும் அதில் வழியுண்டு. ‘சிந்தீசியா’ என்பது வண்ணக் கோடுகள் கட்டைகளின்மேல் விழுவதாகக் காட்டுவது. சிறுவர்களுக்கு மிகவும் பிடித்தது. விசைப்பலகையைக் கணினியோடு இணைக்க ஒரு யூ.எஸ்.பி. கம்பி போதும். விசைப்பலகையில் குறைந்தது 61 கட்டைகள் இருக்கட்டும். மெதுவாகத் தொட்டால் மெதுவாகவும், அழுத்தித் தொட்டால் உரக்கவும் ஒலிப்பதாக அது இருக்கட்டும். கம்பியில்லாக் காதொலிப்பானைத் தவிர்த்துவிடுங்கள். கட்டையை அழுத்துவதற்கும் ஒலி காதில் விழுவதற்கும் இடையே அதில் தாமதம் நேரும். தாளம் கற்பவருக்கு அந்தத் தாமதம் நஞ்சு.

எந்தப் பாட்டில் தொடங்குவது? நான் முதலில் பாட்டு என்று எதையும் தொடவில்லை. வலக்கையில் சரளி வரிசை. இடக்கையில் ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும். தம்புராவின் வேலையை இடக்கைக்குக் கொடுத்தேன். பிறகு ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையில், ஒன்றுக்கு ஸட்ஜம், மூன்றுக்குப் பஞ்சமம், ஐந்துக்கு மேல் ஸட்ஜம், ஏழுக்கு மீண்டும் பஞ்சமம் என்று இடக்கையை நடக்கவைத்தேன். துருத்தி போட்டே பழகிய கை, முதன்முதலாகச் சுரம் பேசியது அன்றுதான். அந்த மாலையை நான் மறக்க மாட்டேன்.

அதன் பிறகு எடுத்துக்கொண்டது, ஜெர்மானிய இசை மேதை பாக் என்பவர் தம் மனைவிக்காக 1725-இல் தொடங்கிய குறிப்பேட்டில் உள்ள ஒரு சிறு நடன மெட்டு. நெடுங்காலம் பாக்கின் பெயரிலேயே வழங்கி வந்த அம்மெட்டு, கிறிஸ்தியான் பெட்ஸோல்ட் என்பவருடையது என்று பிற்கால ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. மூன்று எண்ணிக்கையில் நடக்கும் 32 அளவுகள் கொண்டது அது. அதன் இரண்டாம் அளவில் இடக்கை ஒரே சுரத்தை மூன்று எண்ணிக்கையும் பிடித்துக்கொண்டு நிற்கும். வலக்கை மூன்று சுரங்களை வாசிக்கும். ஒரு கை நிற்க, ஒரு கை நடக்கிறது. தொடங்குபவருக்கு இதைவிட ஏற்ற பாடம் இல்லை. ‘மியூடோப்பியா’ போன்ற இணையக் களஞ்சியங்களில் இத்தகைய பழைய இசையின் குறிகளும் மிடிக் கோப்புகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. இவற்றின்மேல் யாருக்கும் உரிமைத் தடை இல்லை. திரைப்பாட்டுகளின் நிலை வேறு. நம் நாட்டுச் சட்டப்படி, இயற்றியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நிற்கிறது. மேலும், யாரோ காதால் கேட்டு எழுதி உலவவிட்ட திரைப்பாட்டுக் கோப்புகளில் பிழைகள் மலிந்திருக்கும். பிழையைப் பாடமாகக் கொண்டால், பிறகு அதை மறப்பது கற்பதைவிடக் கடினம்.

பயிற்சியின் வரிசையைச் சொல்லுகிறேன். எருதுகளைப் பழக்கும் உழவர் இரண்டையும் முதல் நாளே நுகத்தில் பூட்டிவிடுவதில்லை. இடத்து மாட்டைத் தனியே பழக்குவார், வலத்து மாட்டைத் தனியே பழக்குவார், பிறகே பூட்டுவார், அப்போதும் ஈர நிலத்தில் நாலு சால் மட்டும் ஓட்டிப் பார்ப்பார். நாமும் அப்படியே செய்ய வேண்டும். முதலில் இரண்டு அளவுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இடக்கையை முதலில் பழக்குங்கள். வலக்கை எப்படியும் பின்னால் வந்துவிடும். இடக்கை பார்க்காமலே ஓடும் நிலை வந்த பிறகு வலக்கையைப் பழக்குங்கள். பின்பு இடக்கையை நீங்கள் வாசிக்க, வலக்கையைக் கணினி வாசிக்கட்டும். இது மிக முக்கியமான படி. இடக்கை தன் வேலையைச் செய்துகொண்டே மற்றொரு பாட்டைக் காதால் கேட்கப் பழகுகிறது. அதன் பிறகே இரு கைகளையும் சேர்க்க வேண்டும். அதுவும் பாதி வேகத்துக்கும் கீழே. மூன்று தடவை பிழையின்றி வந்தால் வேகத்தைச் சிறிது கூட்டுங்கள். ஒரு தடவை தவறினால் குறைத்துவிடுங்கள். வேகத்தைக் குறைப்பது தோல்வியன்று.

இரு கைகளின் கணக்கு ஒத்துவராத இடங்களும் உண்டு. ஒரு தட்டுக்குள் வலக்கை மூன்று சுரமும் இடக்கை இரண்டு சுரமும் வாசிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வலக்கையில் தகிட, இடக்கையில் தக. தட்டை ஆறு பங்காக்குங்கள். வலக்கை 1, 3, 5-இல் விழும். இடக்கை 1, 4-இல் விழும். ஆகவே முதலில் இரண்டும் சேர்ந்து விழும்; பிறகு வலம், இடம், வலம் என்று வரும். ‘சேர்ந்து, வலம், இடம், வலம்’ என்று வாயால் சொல்லித் தொடையில் தட்டிப் பழகிய பிறகு கட்டைக்குப் போனால் எளிதாகும். கொன்னக்கோல் கேட்டு வளர்ந்த நமக்கு இது ஐரோப்பியப் பிள்ளைகளைவிட விரைவில் பிடிபடும் என்பது என் எண்ணம்.

கணினி எனக்குச் செய்த மற்றோர் உதவியையும் சொல்ல வேண்டும். நான் வாசித்ததை அதிலேயே பதிந்து, திரையில் கோடுகளாகப் பார்த்தேன். இரு கைகளும் சேர்ந்து விழுந்தன என்று நான் உறுதியாக நம்பிய இடங்களிலெல்லாம், வலக்கையின் கோடு சற்று முன்னேயும் இடக்கையின் கோடு சற்றுப் பின்னேயும் நின்றன. பல ஆண்டுகள் தனியாகவே நடந்து பழகிய கை, துணைக்காகக் காத்திருக்க அறியவில்லை. என் காது என்னை மன்னித்துக்கொண்டே வந்திருக்கிறது, திரை மன்னிக்கவில்லை.

இவ்வளவும் நன்மை. இனி, கணினியால் நான் கெட்ட கதையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் நடந்த ஒரு சிறு விழாவில், அந்த நடன மெட்டை வாசிக்க அமர்ந்தேன். எதிரே கணினித் திரையில் வண்ணக் கோடுகள் இறங்கிக்கொண்டிருந்தன. எட்டாம் அளவை எட்டும்போது மின்சாரம் நின்றது. திரை இருண்டது. விசைப்பலகை மின்கலத்தில் ஓடுவது. அதற்கு உயிர் இருந்தது. எனக்குத்தான் இல்லை. என் இரு கைகளும் கட்டைகளின்மேல் அப்படியே நின்றன. அடுத்த சுரம் எது என்று எனக்குத் தெரியவில்லை. “தாத்தா, பெட்டி வேலை செய்கிறதே, நீங்கள் ஏன் நிறுத்திவிட்டீர்கள்?” என்று என் பேத்தி கேட்டாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அத்தனை மாதமும் நான் பாட்டைக் கற்கவில்லை. விளக்கைத் துரத்தக் கற்றிருந்தேன்.

அன்று முதல் ஒரு விதி வைத்துக்கொண்டேன். எந்தப் பகுதியையும் திரையைப் பார்த்து ஐந்து தடவைக்கு மேல் வாசிப்பதில்லை. பிறகு திரையை அணைத்துவிட வேண்டும். வாயால் சுரம் பாடி வாசிக்க வேண்டும். இசைக்குறியைப் படிக்கக் கற்க வேண்டும். இறங்கும் கோடு மறைந்துவிடும், தாளில் உள்ள குறி மறைவதில்லை. நடுவில் எந்த அளவிலிருந்து தொடங்கச் சொன்னாலும் தொடங்க முடிந்தால்தான் பாட்டு நம்முடையது.

கணினியால் ஆகாத மற்றொன்றும் உண்டு. அதற்குக் கண் இல்லை. சரியான கட்டை, சரியான நேரத்தில் விழுந்ததா என்று மட்டுமே அது பார்க்கும். மணிக்கட்டு தாழ்ந்திருக்கிறதா, தோள் இறுகியிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஹார்மோனியத்தின் முன் தரையில் அமர்ந்து பழகிய நான், தாழ்ந்த இருக்கையில் அமர்ந்து மணிக்கட்டை மடக்கியே வாசித்து வந்தேன். கணினி எனக்கு நூற்றுக்கு நூறு மதிப்பெண் தந்துகொண்டிருந்தது. மணிக்கட்டோ இரவெல்லாம் வலித்தது. மாதா கோயிலில் வாசிக்கும் இளைஞர் ஒருவர் ஒரு நாள் வந்து பார்த்தார். ஒரு சொல்லும் சொல்லாமல் இருக்கையின்மேல் இரண்டு தடித்த புத்தகங்களை வைத்து, “இப்போது அமருங்கள் ஐயா” என்றார். முழங்கை கட்டையின் மட்டத்துக்கு வந்தது. வலி பத்து நாளில் நீங்கிற்று. ஆகவே ஆசான் அருகில் இல்லாதவர்கள்கூட, மாதம் ஒரு முறையேனும் அறிந்தவர் ஒருவரின் கண்முன் வாசித்துக் காட்ட வேண்டும். நாள்தோறும் பயிற்றுவிக்கும் வேலையைக் கணினிக்குக் கொடுக்கலாம். பார்த்துத் திருத்தும் வேலையை மனிதருக்கே கொடுக்க வேண்டும்.

‘நம் இசைக்கு இது எதற்கு? கமகம் பேசாத கட்டையில் என்ன இருக்கிறது?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வியே. ஹார்மோனியத்துக்கும் கமகம் வராது என்ற குறையால்தான் 1940-இல் அகில இந்திய வானொலி அதை விலக்கிவைத்தது; 1971-இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. வானொலியில் பேசிக்கொண்டே இதைச் சொல்வது சற்று வேடிக்கையாகத்தான் இருக்கிறது. கட்டை வாத்தியத்தால் தோடியைப் பாட முடியாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரு குரல்கள் ஒரே நேரத்தில் வேறு வேறு வழியில் நடந்து, ஒன்றையொன்று மதித்துச் சந்திக்கும் அழகை நமக்கு எளிதில் காட்டக்கூடியது இந்த வாத்தியமே. 1723-இல் பாக் பதினைந்து சிறு பாடங்களைத் தொகுத்தபோது, இரு குரல்களையும் தெளிவாக வாசிக்கக் கற்பதே அவற்றின் நோக்கம் என்று முகப்பிலேயே குறித்தார். அந்தப் பாக்கையும் நம் தியாகையரையும் ஒரே படைப்பில் வணங்க, 1986-இல் இளையராஜாவுக்கு இயன்றது. 2025 மார்ச் 8 அன்று இலண்டன் மாநகரில் அவருடைய சிம்பொனி அரங்கேறியது. துருத்திப் பெட்டியில் தொடங்கிய ஒரு கை எத்தனை தூரம் செல்ல முடியும் என்பதற்குச் சான்று நம் பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது.

நமக்கு அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை. வீட்டில் ஒரு விசைப்பலகையும் ஒரு பழைய கணினியும், நாள்தோறும் அரை மணி நேரமும் இருந்தால், இரண்டு ஆண்டுகளில் எளிய பாட்டுகளை இரு கைகளாலும் வாசிக்கலாம். என் பேத்தி இப்போது அந்த நடன மெட்டைத் திரை இல்லாமலே வாசிக்கிறாள். சில மாலைகளில் அவள் வலக்கைப் பகுதியை வாசிக்க, நான் இடக்கைப் பகுதியை வாசிக்கிறேன். பஜனை மடத்துக்குப் போகும் நாட்களில் பழையபடி துருத்தியையும் போடுகிறேன். இப்போதெல்லாம் துருத்தி போடும்போது, இந்த இடத்தில் பஞ்சமம் வைக்கலாமே என்று என் இடக்கை எனக்குள் சொல்லிக்கொண்டே இருக்கிறது.